இரண்டு ஆறுகளுக்கு நடுவே: ராய்ச்சூர் பக்கக் குறிப்புகள்

திங்கள், ராய்ச்சூர்

மந்திராலயம் ரோடு நிலையத்தை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் ரயில் துங்கபத்திரைப் பாலத்தில் ஏறுகிறது. அடுத்து ராய்ச்சூர். அதையும் தாண்டி மும்பை நோக்கிப் போனால் கிருஷ்ணா பாலம். இரண்டு பாலங்களுக்கும் இடையே எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்லை. இந்தச் சின்ன இடைவெளிக்காகத்தான் விஜயநகரமும் பாமினி சுல்தான்களும், பிறகு பீஜப்பூர் ஆதில் ஷாக்களும், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் மோதிக்கொண்டார்கள். நான் ராய்ச்சூரில் இறங்கிக்கொண்டேன். என் பெட்டியில் இருந்து இறங்கியவர்களில் சுற்றிப் பார்க்க வந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கையில் மூட்டையும் குழந்தையுமாக வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்.

பள்ளிக்கூடத்தில் 'ராய்ச்சூர் தோவாப்' என்று, இந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் நிலத்தைப் படித்திருப்போம். ஒவ்வொரு போரின் முடிவிலும் அது யார் கைக்குப் போயிற்று என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது பாடத்தில் இல்லை. அதைப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

நமக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வருவது 'இடைதுறை நாடு'. அது இந்த ஈராற்றிடை நாடுதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு. வனவாசியும் கொள்ளிப்பாக்கையும் பிறகுதான். ஆக, விஜயநகரம் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது எல்லைப்புறம். அப்போது தெற்கே சோழர், வடக்கே சாளுக்கியர். இரண்டு பக்கமும் சிவன் கோயில் கட்டியவர்கள். மதத்துக்காக நடந்த சண்டை என்று இந்த ஊரின் கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் இந்த முன்கதையை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் வெயில் தணிந்த பிறகும் அறைச் சுவர் சுட்டது. இரவுச் சாப்பாடு, கானாவளி என்று இங்கே சொல்லும் ஒரு சாப்பாட்டுக் கடையில். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, தயிர், பச்சை வெங்காயம். அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் இரண்டு கையாலும் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். மாவு உருண்டை பலகையில் சுழன்றுகொண்டே விரிகிறது, உருட்டுக்கட்டையே கிடையாது. கல்லில் போட்டதும் மேலே ஈரத் துணியால் ஒரு தடவு தடவித் திருப்பிப் போட, ரொட்டி உப்பி எழுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் இலையில் இன்னொன்று விழுந்தது. காசு வாங்கவில்லை.

செவ்வாய், ராய்ச்சூர் கோட்டை

கோட்டை ஊரின் நடுவிலேயே இருக்கிறது. உட்சுவர், வெளிச்சுவர் என்று இரண்டு வளையங்கள். உள்ளே இருக்கும் பெரிய கற்சுவர் 1294இல், வாரங்கல்லை ஆண்ட காகதியர் காலத்தில் எழுந்தது. சுண்ணாம்புக் காரை இல்லாமல், கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். வெளிச்சுவர் ஆதில் ஷாக்களின் 16ஆம் நூற்றாண்டு வேலை. வெடிமருந்துக் காலத்துச் சுவர் அது.

உட்சுவரின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. நாற்பத்தோர் அடிக்கு மேல் நீளம், ஒரே கல். இந்தக் கோட்டையை விட்டலநாதன் என்ற தளபதியின் ஆணைப்படி கோரே கங்கய்ய ரெட்டி கட்டினார் என்று அதில் தெலுங்கில் வெட்டியிருக்கிறது. அரசன் பெருமை பாடும் கல்வெட்டுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். என்னை நிறுத்தியது அதற்குப் பக்கத்தில் கீறியிருக்கும் சித்திரம்தான். இந்தக் கல் எப்படி இங்கே வந்தது என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆரக்கால் இல்லாத கட்டைச் சக்கர வண்டி, அதன் மேல் கல், முன்னால் எருமைக் கடாக்கள் ஜோடி ஜோடியாக நீண்டு போகின்றன, ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை மாதிரி எதையோ கொடுத்து நெம்புகிறார்கள் சிலர். கோடுகள் மெல்லியவை. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால்தான் தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் சுவர். தமிழ்நாட்டில் பெரிய கோயில் உச்சிக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று எத்தனை கதை சொல்கிறோம். இங்கே ஓர் ஆள் உட்கார்ந்து படமே போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கோட்டைகள் கைமாறின, அந்த எருமைகளை யாரும் அழிக்கவில்லை.

அதைத்தான் இந்த ஊர் முழுக்கப் பார்க்கிறேன். வந்தவன் எவனும் முந்தையவனுடைய சுவரை இடிக்கவில்லை. செலவு மிச்சம் என்பதே முதல் காரணமாக இருந்திருக்கும். அதன் மேல் தன் மொழியில் ஒரு கல்லை வைத்தான், வெளியே இன்னொரு வளையம் போட்டான், வாசலுக்குப் பெயர் வைத்தான். மெக்கா தர்வாஜா, கந்தக் தர்வாஜா, காட்டி தர்வாஜா. நவரங்க தர்வாஜாவில் விஜயநகர பாணிச் சிற்பங்கள் இருக்கின்றன. 'ஏக் மினார்' மசூதிக்கு உண்மையாகவே ஒரே ஒரு மினார்தான். 1513இல் கட்டியது. பாரசீகக் கல்வெட்டில் இருக்கும் பெயர் பாமினி சுல்தான் மஹ்மூத் ஷாவுடையது. அந்த ஆண்டில் மஹ்மூத் ஷா பீதரில் தன் அமைச்சர்களின் பிடியில் இருந்த பொம்மை ராஜா. இந்தப் பக்கம் ஆண்டவர்கள் ஆதில் ஷாக்கள். ஆனாலும் கல்லில் பழைய எஜமானின் பெயர். எல்லைப்புறத்தில் கட்டடம் கட்டுகிறவன் எல்லாப் பக்கமும் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது போலும்.

புதன், ராய்ச்சூர், மறுபடியும் கோட்டை

நேற்றுக் குன்றின் மேல் ஏற முடியவில்லை. இன்று விடியற்காலையில் ஏறிவிட்டேன். மேலிருந்து வடக்கே பார்த்தால் தட்டையான கரிசல். தொலைவில் சக்திநகர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கிருஷ்ணா நதி அங்கேதான் ஓடுகிறது. 1520ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸ்மாயில் ஆதில் ஷா அந்த ஆற்றைக் கடந்து தெற்கே வந்தான், ராய்ச்சூரை முற்றுகையிட்டிருந்த கிருஷ்ணதேவராயரை எதிர்க்க.

அந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் பெர்னாவோ நூனிஸ் என்ற போர்த்துகீசியக் குதிரை வியாபாரி. போருக்குக் காரணமாக அவர் சொல்வதும் குதிரை சம்பந்தப்பட்டதுதான். கோவாவில் குதிரை வாங்கி வரச் சொல்லி ராயர் நாற்பதாயிரம் பர்தாவ் பொற்காசு கொடுத்து ஒரு முஸ்லிம் வியாபாரியை அனுப்புகிறார். அவன் பணத்தோடு ஆதில் ஷாவிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஓடிப் போனவனைத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு அரசுகளுக்கும் இடையே உடன்படிக்கை உண்டு. தரவில்லை. ராயர் படையெடுத்தார். சாக்கு என்று தெரிந்தே ராயர் பயன்படுத்திய சாக்கு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஈராற்றிடை நாட்டை மீட்பது அவர் மனத்தில் முன்பே இருந்த காரியம்.

ஆற்றங்கரைப் போரில் ஆதில் ஷாவின் பீரங்கிகள் ஒரே நேரத்தில் வெடித்து ராயரின் முன்வரிசையைச் சிதறடித்தன. மறுபடி மருந்து அடைப்பதற்குள் ராயரின் படை பாய்ந்துவிட்டது. ஓடியவர்களில் பலர் ஆற்றில் போனார்கள். அதோடு ராய்ச்சூர் விழவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் கதவைத் திறக்க மறுத்தார்கள். ராயரின் வீரர்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகச் சுவருக்கு அடியில் போய்க் கல்லைப் பெயர்த்தார்கள். பெயர்த்து வரும் கல்லின் அளவுக்கு ஏற்றபடி கூலி! மேலிருந்து அடித்தார்கள், கீழே செத்தார்கள், கூலிக்கு மறுபடியும் ஆள் போயிற்று. அப்போது கிறிஸ்தோவாவ் தெ ஃபிகெய்ரெதோ என்ற போர்த்துகீசியர் இருபது துப்பாக்கிக்காரர்களோடு வந்து சேர்ந்தார். சுவருக்கு மேல் தலை நீட்டியவர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். நிலைமையைப் பார்க்க எட்டிப் பார்த்த கோட்டைத் தலைவனுக்கு நெற்றியில் குண்டு. மறுநாள் கதவு திறந்தது.

இந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணிப் பாருங்கள். இந்துப் பேரரசரின் படையில் கத்தோலிக்கத் துப்பாக்கிக்காரர்கள். அந்தப் படையில் முஸ்லிம் வீரர்களும் உண்டு. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயர் முஸ்லிம்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் வணங்குவதற்காகத் தன் ஆசனத்துக்கு முன்னால் குர்ஆனை வைத்தார் என்று எழுதியிருக்கிறது. அஹமத் கான் என்ற தளபதி 1439இல் கட்டிய மண்டபம் ஹம்பியில் இன்றும் நிற்கிறது. பக்கம் பிரித்துக் கோடு போட ஆசைப்படுகிறவர்களுக்கு ராய்ச்சூர் ரொம்பவும் இடைஞ்சலான ஊர்.

வென்ற பிறகு ராயர் ஒரு நிபந்தனை போட்டார்: ஆதில் ஷா நேரில் வந்து என் காலை முத்தமிட வேண்டும். முத்கலில் சந்திப்பதாகப் பேச்சு. ஆதில் ஷா வரவில்லை. ராயர் பீஜப்பூர் வரைக்கும் போய்ப் பார்த்தார். அவன் அங்கேயும் இல்லை. அகம்பாவம் என்றுதான் எனக்குப் படுகிறது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1565 ஜனவரியில், தலைக்கோட்டைப் போரில், அப்போது விஜயநகரத்தை நடத்திய ராமராயரின் தலை வீழ்ந்தபோது, சுல்தான்களின் நினைவில் அந்தக் காலும் இருந்திருக்கும்.

வியாழன், மஸ்கி

சிந்தனூர் வழியாக பஸ். சாலையின் இரண்டு பக்கமும் நெல் வயல்! ராய்ச்சூரைச் சுற்றி வறண்ட கரிசலைப் பார்த்த கண்ணுக்கு நம்ப முடியவில்லை. 1953இல் துங்கபத்திரை அணையில் தண்ணீர் நின்றது. இடது கரைக் கால்வாய் இந்தப் பக்கம் வந்தது. ஆந்திரக் கடலோரத்திலிருந்து விவசாயிகள் வந்து நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் ஊர்களுக்கு இன்றும் 'கேம்ப்' என்றுதான் பெயர். சிந்தனூருக்குப் பக்கத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் முகாம்களும் இருக்கின்றன. பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வங்காளியும், பின்னால் தெலுங்கும், நடத்துநரிடம் கன்னடமும் கேட்டது.

மஸ்கியில் பார்க்க வேண்டியது துருகத குட்டா என்ற குன்றில் ஒரு பாறை. 1915இல் தங்கம் தேடி வந்த பீடன் என்ற சுரங்கப் பொறியாளர் கண்ணில் பட்ட அசோகர் கல்வெட்டு. அதுவரை கிடைத்த கல்வெட்டுகளில் எல்லாம் 'தேவானாம்பிய', 'பியதசி' போன்ற பட்டங்கள்தான் இருந்தன. அந்த ராஜா அசோகர்தான் என்று நேரடியாகப் பெயர் சொன்னது இந்தப் பாறை. அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இருந்தது. 'முயங்கியில் முதுகிட்டு ஒளித்த சயசிங்கன்' என்று ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி சாளுக்கிய ஜயசிம்மனைப் பரிகாசம் செய்கிறது. அந்த முயங்கி இந்த மஸ்கிதான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. ஜயசிம்மன் உண்மையிலேயே ஓடி ஒளிந்தானா? சில ஆண்டுகளில் அவனுடைய கல்வெட்டுகள் இதே பகுதியில் மறுபடியும் தலைகாட்டுகின்றன. மெய்க்கீர்த்தி என்பது வென்றவன் எழுதிய பத்திரிகைச் செய்தி. பிடித்ததைச் சொல்லும், விட்டதைச் சொல்லாது.

தங்கம் இந்தக் கதையில் ஓரப் பாத்திரம் அல்ல. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹட்டி. கோலார் மூடிய பிறகு நாட்டில் தங்கம் எடுக்கும் முக்கியச் சுரங்கம் அதுதான். நவீனச் சுரங்கம் தோண்டியவர்கள் பல நூறு அடி ஆழத்தில் பழங்கால ஆட்கள் வெட்டிய குழிகளைக் கண்டார்கள். கரிசல் மண், தங்கம், ஆற்றைக் கடக்கும் துறைகள். இத்தனையும் ஒரே இடத்தில் இருந்தால் எந்த ராஜா சும்மா இருப்பான்?

வெள்ளி, முத்கல்

லிங்கசுகூர் வழியாக முத்கல். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஊர். அகலமான அகழி, தண்ணீரோடு. உள்ளே பாறைக் குன்றுகளின் மேல் ஏறி இறங்கிப் போகும் சுவர்.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வாசலில் அமர்ந்திருந்தார். "பர்ரி, கூட்ரி" என்று அழைத்து உட்கார வைத்தார். என் அரைகுறைக் கன்னடத்தைப் பொறுத்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்.

"சார், எங்கள் ஊரில் இரண்டு சண்டை வந்தது. ஒன்று பாட்டால், ஒன்று பெண்ணால்."

பாட்டுக் கதை 1366இல் நடந்தது. பாரசீக மொழியில் வரலாறு எழுதிய ஃபெரிஷ்தா எழுதி வைத்திருக்கிறார். பாமினி சுல்தான் முகமது ஷா, கச்சேரி கேட்ட மயக்கத்தில், பாடகர்களுக்குச் சன்மானம் கொடுக்கும்படி விஜயநகரக் கஜானாவின் பேரில் ஓலை எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த நாட்டு ராஜாவின் பணத்தில் தானம்! ஓலையோடு வந்தவனை புக்கராயர் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டுத் துரத்தினார். பிறகு துங்கபத்திரையைத் தாண்டி வந்து முத்கல் கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்தவர்களை வெட்டிப் போட்டார். செய்தி சொல்ல ஒருவன் மட்டும் தப்பினான். சுல்தான் லட்சம் பேரைக் கொல்லாமல் வாளை உறையில் போட மாட்டேன் என்று சபதம் செய்தான். எண்ணிக்கையை நான் நம்பவில்லை; ஃபெரிஷ்தாவின் எண்களுக்குப் பின்னால் எப்போதும் சில பூஜ்யங்கள் அதிகம். ஆனால் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக மக்கள் செத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. இனிமேல் சண்டையில் ஈடுபடாதவர்களைக் கொல்வதில்லை என்று கடைசியில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்களாம். அதற்குள் கிராமங்கள் காலியாகிவிட்டன.

பெண் கதை 1406. முத்கல் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பொற்கொல்லர் மகள். காசியிலிருந்து திரும்பும் வழியில் அந்த வீட்டில் தங்கிய பிராமணர் ஒருவர் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விஜயநகரம் போய் முதலாம் தேவராயரிடம் அவள் அழகை வர்ணிக்கிறார். ராயர் நகையும் பல்லக்கும் அனுப்புகிறார். அந்தப்புரத்துக்குப் போனால் அப்பா அம்மாவை மறுபடி பார்க்க முடியாது என்று சொல்லிப் பெண் மறுத்துவிட்டாள். ராயர் எல்லை தாண்டிக் குதிரைப் படையை அனுப்பினார். படை வருவது தெரிந்ததும் ஊரோடு பெண்ணும் ஓடிவிட்டாள். வந்தவர்கள் கிடைத்ததைக் கொள்ளையடித்தார்கள். பிரோஸ் ஷா பாமினி பதிலுக்கு விஜயநகரத்தையே முற்றுகையிட்டார். சமாதானமாகி, ராயர் தன் மகளைப் பிரோஸ் ஷாவுக்குக் கொடுத்தார், பங்காபுரத்தைச் சீதனமாகச் சேர்த்து. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது மாமனார் பாதி வழி வரைக்கும்தான் வழியனுப்ப வந்தார் என்று மாப்பிள்ளைக்குக் கோபம். அந்தக் கோபத்திலிருந்து அடுத்த சண்டைக்கு விதை. சம்பந்தி வீட்டுத் தகராறு எந்தச் சாதி மதத்திலும் ஒரே மாதிரிதான்.

"அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டேன்.

"சுல்தானின் மகனுக்குக் கொடுத்தார்கள். அவளைக் கேட்டார்களா என்று யாரும் எழுதவில்லை" என்றார் ஆசிரியர்.

பிறகு அவர் அலாய்க் குழியைக் காட்டினார். வட கர்நாடகத்தில் முஹர்ரம் பண்டிகைக்குக் குழி வெட்டி நெருப்பு வளர்ப்பார்கள். ஊரே அதைச் சுற்றி ஆடும். பஞ்சா என்றும் அலாய் தேவரு என்றும் சொல்லும் அலங்களை, அதாவது கொடிக்கம்பு போன்ற புனிதச் சின்னங்களை, தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹசன், ஹுசைன் கதையைக் கன்னடத்தில் 'ரிவாயத்' பாட்டாகப் பாடுவார்கள். முஸ்லிம் வீடே இல்லாத கிராமங்களிலும் இந்துக்கள் அலத்தை எடுத்து வைத்து நடத்துவது இந்தப் பக்கம் சாதாரணம். முத்கல் முஹர்ரம் இந்த வட்டாரத்திலேயே பேர் போனது. நான் போனது அந்தப் பருவம் இல்லை. குழி மூடிக் கிடந்தது, ஓரத்தில் சாம்பல் கலந்த மண். மேலே யாரோ சர்க்கரையும் ஊதுபத்தியும் வைத்திருந்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணியும், நெற்றியில் விபூதி பூசிய லிங்காயத்துப் பெரியவர் ஒருவரும் அடுத்தடுத்து வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆசிரியர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எனக்குத்தான் அது ஆச்சரியம், அவருக்கு வெள்ளிக்கிழமை.

இதே ஊரில் 16ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய கத்தோலிக்கச் சமூகமும் இருக்கிறது. கோவாவிலிருந்து வந்த பாதிரிமார்களின் வேலை. ஆதில் ஷா ஆட்சிக்குள், விஜயநகர எல்லைக்கு அருகில், ஒரு தேவாலயம்.

சனி, ஜலதுர்கம்

லிங்கசுகூரிலிருந்து வாடகைக் கார். கிருஷ்ணாவின் கிளைகளுக்கு நடுவே பாறை மேல் கோட்டை. மரண தண்டனை பெற்றவர்களை இங்கிருந்து ஆற்றில் தள்ளுவார்கள் என்று கதை. இடிபாடுகள்தான் மிச்சம், நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். மேலே ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. ஆற்றின் அழகுக்காகப் போகலாம்.

ஞாயிறு, மந்திராலயம்

திரும்பும் வழியில் இறங்கினேன். பக்தி என்பதைவிட இந்தக் கதைக்கு அது தேவைப்பட்டது. புவனகிரியில் பிறந்து, கும்பகோணத்தில் மடத்தின் பீடாதிபதியாக இருந்த ராகவேந்திரர், துங்கபத்திரையின் தென்கரையில் 1671இல் பிருந்தாவனப் பிரவேசம் செய்தார். இன்றைக்கு மந்திராலயம் என்று சொல்லும் அந்த மஞ்சாலை கிராமத்தை அவருக்குக் கொடுத்தவர் ஆதவானியை (அதோனி) ஆண்ட சித்தி மசூத் கான். பீஜப்பூர் அரசின் கீழ் இருந்த, அபிசீனிய வழி வந்த முஸ்லிம் தலைவர். சோதிப்பதற்காக மூடிய தட்டில் மாமிசம் வைத்துக் கொடுத்ததாகவும், திறந்தபோது அது பூவாகவும் பழமாகவும் இருந்ததாகவும் மடத்தில் சொல்வார்கள். மானியமாக வேறு நல்ல நிலம் கேட்டிருக்கலாம். வறண்ட இந்த ஊர்தான் வேண்டும் என்றாராம் சுவாமிகள்.

தரிசன வரிசையில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். எனக்கு முன்னால் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். தரிசனம் முடிந்து ஆட்டோ பிடித்துப் பஞ்சமுகி ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். அந்தக் கோயில் இருக்கும் கானதாள், ஆற்றைத் தாண்டி ராய்ச்சூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதாவது இடைதுறை நாட்டில். இப்படித்தான் தினமும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் ராஜேந்திரன் படை நடந்த மண்ணில் கால் வைத்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

"அப்படியே ராய்ச்சூருக்குப் போங்கள், பக்கம்தான்" என்றேன்.

"அங்கே என்ன கோயில் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார் அந்தப் பெரியவர்.

எருமைகள் இருக்கின்றன என்று சொன்னேன். சிரித்தார். கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, "ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நுகத்தடி போட்டிருக்கிறானா பாருங்கள்" என்று தன் மகனிடம் காட்டத் தொடங்கிவிட்டார். வரிசை நகர்ந்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ராய்ச்சூருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று மகன் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.